லாரி எங்கே போய் இறங்கியது என்று கேளுங்கள்: மலைப்பகுதி மரப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்டக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பழனி மலையின் கீழ்மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், காபியும் மிளகும் மலை வாழையும் வைத்திருக்கும் சிறு விவசாயி நான். எங்கள் பகுதியில் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் உங்கள் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 1955ஆம் ஆண்டு வந்த சட்டம் அது. மலைச்சரிவில் ஒருவர் வெட்டும் மரத்துக்கு ஊரே விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று எங்கள் மலையிலிருந்து மரம் திருட்டுத்தனமாக இறங்குவது பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் பேரில் வாங்கிய காகிதத்தைக் காட்டித்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முறை ரொம்பச் சாதாரணமானது. சில்வர் ஓக் வெட்ட விண்ணப்பிக்கிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காபிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறுவதற்கும் நாங்களே நட்டு வளர்ப்பது. வளர்ந்ததும் வெட்டி விற்பதில் தப்பே இல்லை, அனுமதியும் கிடைக்கிறது. அந்த அனுமதியோடு ஆள் இறங்கும்போது சில்வர் ஓக்கோடு சந்தன வேம்பும் வேங்கையும் நாவலும் பலாவும் போகின்றன. லாரியில் அடியில் நாட்டு மரம், மேலே இரண்டு வரிசை சில்வர் ஓக், அதற்கு மேல் தார்ப்பாய். மரத்தை ஏற்றிப் போகக் கொடுக்கும் வழிச்சீட்டில் மரங்களின் எண்ணிக்கை இருக்கிறது. எந்த அடிக்கட்டையிலிருந்து எந்தத் தடி வந்தது என்பதை யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. ஒரே சீட்டில் இரண்டாவது நடை போவதும் உண்டு. சித்தரேவு பக்கம் இறங்குகிற பாதையில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் லாரிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

இன்னொரு முறை இதைவிடக் கொடுமையானது. ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் வேலியோரம் நின்ற சந்தன வேம்பு இலை உதிர்க்கிற காலம் இல்லாத நேரத்தில் உதிர்த்தது. போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், புதர் மறைத்த இடத்தில், மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை வட்டமாக உரித்திருந்தார்கள். உரித்த இடத்தின்மேல் மண்ணைக் குழைத்துப் பூசியிருந்ததால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. வேருக்குக் கொஞ்சம் மேலே தமர் என்ற துளைக் கருவியால் போட்ட ஓட்டைகள் இருந்தன. உள்ளே என்ன ஊற்றினார்கள் என்று தெரியவில்லை, விளிம்பு கறுத்துக் கிடந்தது. உயிரோடு இருக்கும் மரத்தை வெட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம். பட்டுப்போன மரம், சாலையில் சாய்ந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தால் சுலபம். அந்த மரம் ஒரே கோடையில் காய்ந்தது. அப்புறம் சட்டப்படியே வெட்டப்பட்டது. அது எப்படிப் பட்டுப்போனது என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்த விண்ணப்பத்தில் இல்லை.

ஒரு மரம்தானே என்று சொல்வார்கள். எனக்கு அது ஒரு மரமாக முடியவில்லை. அதன் நிழல் என் தோட்டத்தின் மேல்விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது. அது போனதும் அங்கே இருந்த அராபிகாச் செடிகளில் மதியம்வரை வெயில் நேரடியாக விழுந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு இருக்கிறது. காபி போட்டவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் பறக்கும். வெயில் படும் தண்டைத் தேடி வந்து பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்த் தண்டைச் சுற்றிச் சுற்றித் துளைக்கும்போது வெளியே விரல் தடிமனில் மேடு எழும்பும். அந்த மேட்டைப் பார்த்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்ட ஒவ்வொரு தடவையும் முதலில் சொல்வது நிழலைக் குறைக்காதீர்கள் என்றுதான். நான் குறைக்கவில்லை. குறைத்தவருக்கு மரத்தின் விலை கிடைத்தது, எனக்கு எரித்த செடிகள் கிடைத்தன. காய்ப்புக்கு வந்த செடி போனால் திரும்பக் காய்க்க வருஷக் கணக்காகும்.

மலை வாழையும் இதே நிழலை நம்பித்தான் நிற்கிறது. விருப்பாச்சி மலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழம் எங்கள் காபித் தோட்டங்களில், நாட்டு மரங்களின் அடியில் விளைந்தது. முடிக்கொத்து நோய் ஒரு தலைமுறைக்கு முன்பே அந்த வாழையைப் பாதி அழித்துவிட்டது. மீதியையாவது காப்பாற்றலாம் என்று சிலர் இன்னும் போராடுகிறார்கள். நிழலும் ஈரமும் போன நிலத்தில் அவர்கள் எத்தனை கன்று நட்டு என்ன செய்ய?

தண்ணீர் விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி எல்லாமே இந்த மலையின் சரிவில் விழும் மழையை நம்பிய அணைகள். அய்யம்பாளையத்துத் தென்னைக்குப் பாயும் தண்ணீர் எங்கள் ஓடைகளில் ஊறி இறங்கியது. கோடையிலும் கசிந்துகொண்டிருந்த ஊற்றுகள் இப்போது தை மாதமே நின்றுவிடுகின்றன, மழை பெய்தால் ஓடை ஒரே நாளில் செம்மண்ணாக ஓடி அடங்கிவிடுகிறது. இதற்கு மரம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், மழையே மாறியிருக்கிறது. ஆனால் மழை மாறிய காலத்தில் மரத்தையும் விட்டுக்கொடுத்தால் எங்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

சரி, இதில் விலங்கு எங்கே வருகிறது என்று கேட்கலாம். தடி இறக்க ஜே.சி.பி. வைத்துப் பாதை போடுகிறார்கள். தடி போன பிறகும் பாதை அங்கேயே கிடக்கிறது. முன்பு நடந்துகூடப் போக முடியாத இடத்துக்கு இப்போது ராத்திரியில் ஜீப் போகிறது. நெற்றி விளக்கும் நாட்டுத் துப்பாக்கியும் அந்தப் பாதையில்தான் போகின்றன. கடமான், முயல், காட்டுப்பன்றி, சில சமயம் காட்டுமாடு. கறி கீழே போகிறது, இல்லையென்றால் அனுமதி இல்லாத காட்டேஜ்களுக்குப் போகிறது. காட்டுக்கறி வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள்.

பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைப் பழத்துக்குள் வைத்தால் அதைப் பன்றிதான் கடிக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை; யானை கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல், தண்ணீருக்குள் நின்று நாட்கணக்கில் சாகும். கருங்குரங்கு லேகியம் என்ற பெயரை நம் அப்பா காலத்தில் வெளிப்படையாகவே சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டும் வாழும் நீலகிரிக் கருமந்தியை அந்த ஒரு மூடநம்பிக்கைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சுட்டார்கள். இன்று அதைச் சுடுவது பெருங்குற்றம். லேகியம் கேட்பவர்கள் முழுக்கப் போய்விட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தந்தத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும்தான் தந்தம். அதனால் கொம்பனாகப் பார்த்துச் சுட்டார்கள். நம் மலைத்தொடரிலேயே தெற்கே இருக்கும் பெரியாறில் 1980களின் கடைசியில் ஒரு வளர்ந்த ஆணுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வளர்ந்த பெண் யானைகள் என்ற நிலை வந்தது. தந்த வியாபாரத்தைத் தடை செய்து பல வருஷமாகியும் அந்தக் கணக்கு இன்னும் சீராகவில்லை. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் கொல்லப்பட்ட புலியின் தோலோடு வடமாநிலக் கும்பல் ஒன்று 2023 பிப்ரவரியில் பிடிபட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து நம் மலையில் புலி எடுக்கிறார்கள் என்றால், வாங்குவதற்கு எங்கேயோ ஆள் தயாராக உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த வாங்குகிற ஆள்தான் எங்கள் பக்கத்து வழக்குகளில் ஒருபோதும் வருவதில்லை. பிடிபடுகிறவர் யார் என்று பாருங்கள். ரம்பம் பிடித்தவர், தடி தூக்கியவர், லாரி ஓட்டியவர். பல நேரம் பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு இளைஞர், ஒரு நாள் கூலிக்கு வந்தவர். காட்டைப் பற்றி அவர் அறிந்ததில் கால் பங்கு நமக்குத் தெரியாது. அதே ஆளை வேட்டைத் தடுப்புக் காவலராக எடுத்து, நிரந்தரமாக்கி, மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அவர் அந்த லாரியை மறித்திருப்பார். அபராதம் கட்டியதும் லாரி விடுபடுகிறது. அபராதம் மர வியாபாரியின் கணக்கில் டீசல் செலவுக்குப் பக்கத்தில் ஒரு வரி. மரம் போய் இறங்கிய மரவாடியின் பெயரும், அறுத்த மில்லின் பெயரும், நிலையும் கதவும் செய்துகொண்ட வீட்டுக்காரரின் பெயரும் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

நான் ஒருமுறை புகார் கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். சில நாளில், யார் புகார் கொடுத்தது என்பது மரம் வெட்டியவருக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு என் தோட்டத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பம் வருவதை நிறுத்தியது. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. ஊரில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

இந்த நாட்டின் காட்டுச் சட்டம் மாறியதே நம்மைப் போன்ற ஒரு மலையிலிருந்துதான். கூடலூரில் ஜன்மம் என்ற பழைய ஜமீன் வகை நிலங்களில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. காடு என்ற சொல் யார் பெயரில் நிலம் இருந்தாலும் பொருந்தும் என்றது, நாடு முழுக்க அனுமதியற்ற மர வெட்டை நிறுத்தியது. அதற்கும் முன்னால் 1994இல் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்துக்கென்றே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காலவரம்பு வைத்த சட்டம் அது. ஈட்டி வைரம் பாய்ந்து நிற்க ஒரு மனிதனின் ஆயுளுக்கு மேல் ஆகும். அதைக் காக்கும் சட்டத்துக்கு மட்டும் ஏன் வருஷக் கெடு? உலக அளவிலேயே ஈட்டியும் அதன் இனத்து மரங்களும் 2017 முதல் வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

ஒரு காகிதத்தில் சின்ன இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வயநாட்டில் முட்டில் என்ற ஊரில் நடந்தது போதும். 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை விவசாயிகளுக்கு உதவும் நினைப்பில், பட்டா நிலத்து மரங்களை வெட்ட அனுமதித்து ஓர் ஆணை போட்டது. சில மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் விழுந்துவிட்டன. நிலத்துக்காரர்களில் பலர் பழங்குடிகள், சிறு விவசாயிகள். அரசு அனுமதி இருக்கிறது என்று சொல்லி அவர்களிடம் சொற்ப விலைக்கு வாங்கினார்கள்.

எங்கள் பக்கத்திலும் அப்படி ஓர் இடைவெளி திறந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகக் கடந்தபோது மரங்கள் ஏராளமாகச் சாய்ந்து பாதை அடைபட்டது. விழுந்ததை அகற்ற அவசரமாக ஆட்கள் வந்தார்கள், வர வேண்டியதுதான். ஆனால் எது விழுந்தது, எது நின்றது என்று யாரும் எண்ணவில்லை. விழுந்ததோடு நின்றதும் சில இடங்களில் போனது.

இப்போது நான் சொல்லப்போவது என்னைப் போன்ற விவசாயிகளின் பக்கத்து நியாயம். நேர்மையாக விண்ணப்பிக்கிறவரை உங்கள் முறை களைக்க வைக்கிறது. நானே நட்ட சில்வர் ஓக்கை, மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வெட்ட வேண்டும் என்றால் வி.ஏ.ஓ., சர்வேயர், வனத்துறை, குழுக் கூட்டம் என்று மாதங்கள் ஓடுகின்றன. புரோக்கரிடம் போனால் மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறார். கூடவே அந்த வேங்கையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார். பணம் அவசரமாகத் தேவைப்படும் குடும்பம் அங்கே எத்தனை நேரம் வேண்டாம் என்று சொல்லும்?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. நாட்டு மரம் நட்டால் என்றைக்கும் அதைத் தொட முடியாது என்ற பயத்தில் யாருமே நடுவதில்லை. தானாக முளைத்த வேங்கைக் கன்றைக் களையோடு களையாகப் பிடுங்கிப் போடுகிறார்கள். காக்கப் போட்ட சட்டமே கன்றைக் கொல்கிறது. நடும்போதே பஞ்சாயத்தில் பதிவு செய்து, நட்டவருக்கு உரிய வயதில் அதை விற்கும் உரிமை உண்டு என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பத்து வருஷத்தில் கீழ்மலையில் நாட்டு மரங்கள் மறுபடி எழும்புவதைப் பார்க்கலாம்.

நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று ஐ.நா. 2015இல் ஒப்புக்கொண்ட பட்டியலில் 15ஆவது இலக்கு வனவிலங்கு, தாவரக் கடத்தலுக்கு முடிவு கட்டச் சொல்கிறது. உள்ளூர் மக்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்வதையும் அதே இலக்கு சேர்த்தே சொல்கிறது. உலகில் வியாபாரமாகும் மரத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை திருட்டு மரம் என்று இன்டர்போலும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 2012இல் மதிப்பிட்டன. மரம், மீன், வனவிலங்கு ஆகியவற்றின் சட்டவிரோத வணிகத்தால் அரசுகள் இழக்கும் வருவாய் மட்டும் வருஷத்துக்கு 700 முதல் 1,200 கோடி டாலர் என்று உலக வங்கி 2019இல் சொன்னது. எரித்த காபிச் செடியும் நின்றுபோன ஊற்றும் அந்த வருவாய்க் கணக்கில் இல்லை.

எங்கள் பிழைப்பைத் தொடும் இன்னொரு செய்தி. ஏற்றுமதியாகும் இந்தியக் காபியில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது: அங்கே வரும் காபி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது, விளைந்த நாட்டின் சட்டங்களையும் மீறியிருக்கக் கூடாது, தோட்டம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனால் சட்டம் இருக்கிறது. அந்த நாள் வரும்போது மரம் திருடியவர் தன் பணத்தோடு வேறு ஊரில் இருப்பார். சந்தேகத்தோடு பார்க்கப்படுவது தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்ற பெயர் போட்ட மூட்டைகள்.

எனவே குழுவிடம் நான் கேட்பது இவை. கொடுக்கும் ஒவ்வொரு அனுமதியையும் சர்வே எண், மர வகை, எண்ணிக்கை, வண்டி எண், கடைசித் தேதி ஆகியவற்றோடு அந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். ஊர்க்காரர் ஒருவர் புகார் கொடுக்காமலே, வாயைத் திறக்காமலே, படித்துப் பார்த்து எண்ணிக்கொள்ள முடியும். வெட்டிய பிறகு அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் வழிச்சீட்டு என்று வையுங்கள். அடிக்கட்டையை யாரும் லாரியில் ஏற்ற முடியாது. இந்த மலையில் பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது ஒன்றுதான். பட்டுப்போன மரம் என்று வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பட்டையைச் சுற்றிப் பாருங்கள், மண் பூசியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். உரித்திருந்தால் அந்த நிலத்தில் அடுத்த சில வருஷத்துக்கு எந்த மரத்துக்கும் அனுமதி இல்லை என்று ஒரு விதி போடுங்கள். தடி இறக்கப் போட்ட பாதையை, வேலை முடிந்ததும் வெட்டியவர் செலவிலேயே மூடச் செய்யுங்கள்.

நாங்களே நட்ட சில்வர் ஓக்குக்கு இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடு வைத்து, அதற்குள் பதில் தாருங்கள். புரோக்கருக்கு வேலை இருக்காது.

அப்புறம், முக்கியமாக, மரவாடிகளும் அறுவை மில்களும். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு லோடின் வழிச்சீட்டும் அங்கே பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டையும் நீங்கள் கொடுத்த அனுமதிகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையில் பத்து மரத்துக்கு அனுமதி, கீழே இருபது மரத்தின் பலகை என்று தெரிந்தால் வழக்கு மரவாடியிலிருந்து தொடங்கட்டும். ரம்பம் பிடித்த பையன் அந்த வழக்கில் சாட்சியாக வரட்டும்.

இந்த மடலின் நகலைத் தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர், பூம்பாறை, மன்னவனூர் ஊராட்சிகளுக்கும் பண்ணைக்காடு பேரூராட்சிக்கும் அனுப்புகிறேன். ஊராட்சிகளின் அடுத்த கிராம சபையில் இதைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்த்து, எது முடியும், எது முடியாது, ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதும், நாங்கள் எல்லோரும் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கீழ்மலைக் காபி விவசாயி ஒருவர்
தாண்டிக்குடி வட்டாரம், பழனி மலை